தாரைப் படியவிடுங்கள்: பிட்ச் சுத்திகரிப்புப் பிரிவின் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பிட்ச் சுத்திகரிப்புப் பிரிவின் நிர்வாகத்தினருக்கும் தரக் கட்டுப்பாட்டுக் குழுவினருக்கும்,

மூன்று மாதங்களுக்கு முன்பு உங்கள் கையெழுத்துடன் ஒரு சுற்றறிக்கை எங்கள் லேப் கதவில் ஒட்டப்பட்டது. ஒரே பக்கம், மூன்று முடிவுகள். கரைப்பான் கலந்த தார் படிவுத் தொட்டியில் நிற்கும் நேரம் 12 மணியிலிருந்து 5 மணியாகக் குறைகிறது. இளகுநிலை, அதாவது இளகத் தொடங்கும் சூடு, எட்டாத பிட்ச்சை (தாரை வடித்தபின் அடியில் மிஞ்சும் கறுப்புப் பொருள்) இனி வெற்றிட வடிப்புக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம், சூட்டுத் தொட்டியிலேயே கூடுதல் சூட்டில் நிறுத்திச் சரிசெய்துகொள்ளலாம். மைக்ராஸ்கோப் பரிசோதனை, 'வாடிக்கையாளர் கேட்பதில்லை என்பதால்', நிறுத்தப்படுகிறது.

இதைப் பற்றி இரண்டு முறை குறிப்பு எழுதிக் கொடுத்தேன். முதல் குறிப்புக்குப் பதிலே வரவில்லை. இரண்டாவதன் ஓரத்தில் யாரோ பென்சிலால், "ரிப்போர்ட் எல்லாம் பாஸ்தானே, அப்புறம் என்ன?" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த மடல். ஓரத்தில் எழுத இடம் போதாது, அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இந்த லேபில் நான் 24 வருடமாகப் பிட்ச் சோதிக்கிறேன். குயினோலின் வாடை எப்படி இருக்கும் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, எனக்குத் தெரியாது. அழுகல் வாடையும் இல்லை, மருந்து வாடையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. சட்டையை இரண்டு தடவை துவைத்தாலும் காலரில் மிச்சம் இருக்கும். பிட்ச்சைப் பொடித்து எடை போட்டு, சூடான குயினோலினில் கரைத்து, வடிமூசை வழியாக வடித்து, டொலுவீனாலும் அசிட்டோனாலும் கழுவி உலர்த்தினால், கரையாத கரிய பொடி கொஞ்சம் மூசையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் எடைதான் கியூஐ, அதாவது குயினோலினில் கரையாதது. இந்தக் கணக்கை ஆயிரக்கணக்கான தடவை போட்டிருக்கிறேன். அந்த எண் எதைச் சொல்லும், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளும் என்பது எனக்கு அத்துபடி.

இதைப் படிக்கப்போகிறவர்கள் எல்லோரும் தார் வேலைக்காரர்கள் இல்லை என்பதால் கொஞ்சம் முன்கதை. நிலக்கரியைக் காற்றுப் படாமல் 1000 டிகிரிக்கு மேல் சுட்டால் கோக் கிடைக்கிறது. அப்போது வெளியேறும் வாயுவைக் குளிர்வித்தால் தார் ஒதுங்குகிறது, ஒரு டன் நிலக்கரிக்கு 30 முதல் 45 கிலோ வரை. அந்தத் தாரை வடித்து நாஃப்தலீன், கிரியோசோட், ஆந்த்ரசீன் எண்ணெய் என்று ஒவ்வொன்றாகப் பிரித்த பிறகு, அடியில் ஏறத்தாழ பாதி மிஞ்சும். அதுதான் பிட்ச். அதாவது ஒரு டன் பிட்ச்சுக்குப் பின்னால் கிட்டத்தட்ட 50 டன் நிலக்கரி இருக்கிறது. பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலைக்குக் கோக்கே வேண்டாம் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அந்த உலைக்குள் இறங்கும் கிராஃபைட் எலக்ட்ரோடின் துகள்களை ஒட்டிப் பிடித்திருப்பது கோக் அடுப்பிலிருந்து வந்த தார்தான்.

எலக்ட்ரோடு செய்கிறவர்கள் நீடில் கோக் என்ற, ஊசி ஊசியான அமைப்புள்ள கோக்கை உடைத்துச் சலித்து, அதை ஒட்டிப் பிடிக்க நான்கில் ஒரு பங்கு போலப் பைண்டர் பிட்ச் சேர்த்துச் சூட்டில் பிசைகிறார்கள். அச்சு வழியாகத் தண்டு தண்டாகப் பிதுக்கி, 800 டிகிரி தாண்டி மெதுவாகச் சுடுகிறார்கள். சுடும்போது பிட்ச்சிலிருந்து ஆவி வெளியேறுகிறது, அது போன வழியெல்லாம் துளை. அந்தத் துளைகளை அடைக்கத் தண்டுகளை ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலனில் ஏற்றி, வெற்றிடம் பிடித்து, இம்ப்ரெக்னேஷன் பிட்ச்சை அழுத்தத்தில் உள்ளே செலுத்தி, மறுபடி சுடுகிறார்கள். கடைசியில் மின்சாரம் பாய்ச்சி 3000 டிகிரி வரை கொண்டுபோனால் கிராஃபைட். எட்வர்ட் ஆச்சிசன் 1896ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், அடிப்படை இன்னும் அதேதான். பிசைவதிலிருந்து கடைசலுக்குப் போவதுவரை மாதக் கணக்கில் ஆகும்.

அந்த 'மாதக் கணக்கில்' என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். "முடிவெடுத்து மூன்று மாதம் ஆகிறது, ஒரு புகாரும் வரவில்லை" என்று போன வாரக் கூட்டத்தில் சொன்னீர்களாம். புகார் வர இன்னும் நேரம் ஆகவில்லை என்பதுதான் உண்மை. புது முறையில் போன முதல் சரக்கில் செய்த எலக்ட்ரோடு இப்போதுதான் எங்கோ கிராஃபைட் உலைக்கு ஏறிக்கொண்டிருக்கும். உருக்காலைக்கு அது போய்ச் சேரும்போது இந்தச் சுற்றறிக்கை யாருக்கும் நினைவிலேயே இருக்காது.

இனி கியூஐ விஷயம். கோக் அடுப்பின் மேல்வெளியில், வாயு நிலையிலேயே வெந்து கருகி உருவாகும் கரித் துகள்கள் அவை. பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கூடவே அடுப்பிலிருந்து அடித்துக்கொண்டு வரும் நிலக்கரித் தூசி, கோக் தூசி, சாம்பல். அடுப்பு எவ்வளவு சூடாக ஓடுகிறது, எவ்வளவு பழசு, கதவில் எவ்வளவு கசிவு என்பதைப் பொறுத்து ஒவ்வொரு இடத்துத் தாரிலும் இதன் அளவு வேறுபடும். ஒரே ஆலையின் தாரிலேயே இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று.

கியூஐ என்றாலே குப்பை என்று நான் சொல்லவில்லை. பைண்டர் பிட்ச்சில் அது வேண்டும். 8 முதல் 14 சதவீதம் வரை இருந்தால் சுட்டபின் கரி மிச்சமும் கூடும், தண்டுக்கு உறுதியும் கிடைக்கும். இம்ப்ரெக்னேஷன் பிட்ச்சில் அதே கியூஐ எதிரி, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. நீடில் கோக் செய்யும் பிட்ச்சில் 0.1 சதவீதமே அதிகம். ஒரே தாரிலிருந்து மூன்று வேலைக்கு மூன்று பிட்ச். அதனால்தான் படிவுத் தொட்டி. அது வெறும் சேமிப்புத் தொட்டி இல்லை, நம் ஆலையில் பிரிக்கிற வேலை நடப்பதே அங்கேதான்.

ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள் தானாகப் படியாது. நறுமணக் கரைப்பானோடு கொஞ்சம் பாரஃபின் வகைக் கரைப்பானைச் சேர்க்கும்போது தாரில் உள்ள கனமான பிசின் கொஞ்சம் பிரிந்து வந்து, அந்தத் துகள்களைத் திரட்டிக் கட்டியாக்கும். கலங்கல் தண்ணீரில் தேற்றாங்கொட்டை உரைத்த மாதிரி. 1970களின் கடைசியில் ஜப்பானியர்கள் நிலக்கரித் தாரிலிருந்து நீடில் கோக் எடுக்கத் தொடங்கியதும் இந்த வழியில்தான். ஆனால் கட்டியாவதற்கும் நேரம் வேண்டும், கட்டி அடியில் இறங்குவதற்கும் நேரம் வேண்டும். ஐந்து மணி நேரத்தில் பெரிய கட்டிகள் இறங்கிவிடும். பொடிக் கட்டிகள் பாதி வழியில் மிதந்துகொண்டிருக்கும்போது நாம் வால்வைத் திறக்கிறோம்.

உங்கள் பென்சில் கேள்விக்கு இங்கேயே ஒரு பதில் இருக்கிறது. ரிப்போர்ட் பாஸ் ஆவது உண்மை. இம்ப்ரெக்னேஷன் பிட்ச்சுக்கு ஒப்பந்தத்தில் நாம் எழுதிக்கொடுத்திருக்கும் கியூஐ வரம்பு 5 சதவீதம். இப்போது வருவது 3, 3.5. முன்பு 2ஐத் தொடாமல் இருந்தது என்பதை விட்டுவிடுகிறேன். அந்த 3 எங்கிருந்து எடுத்த சாம்பிள்? பிட்ச் சேமிப்புத் தொட்டியின் மேல் குழாயிலிருந்து. போன மாதம் ஒரு இரவு ஷிப்டில், யாரும் சொல்லாமல், ஒரே தொட்டியில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சாம்பிள் எடுத்துச் சோதித்தேன். மேலே 3.1. கீழே 6.4. ஏற்றுமதி டேங்கருக்குக் குழாய் எடுப்பது கீழேயிருந்து. சர்டிபிகேட்டில் போவது மேலே இருந்த எண். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. முன்பு 12 மணி நேரம் படிந்த தாரிலிருந்து வந்த பிட்ச்சில் மேலுக்கும் கீழுக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை, அதனால் ஒரு சாம்பிள் போதும் என்று வைத்தோம். நேரத்தைக் குறைத்தவர்கள் சாம்பிள் முறையை மாற்ற மறந்துவிட்டார்கள்.

இந்த 12 மணி நேரமும் யாரோ மனம்போனபடி போட்ட கணக்கு இல்லை. உங்களில் சிலர் அப்போது இங்கே இல்லை, அதனால் சொல்கிறேன். 11 வருடத்துக்கு முன்பு படிவுத் தொட்டியின் சூட்டுச் சுருள் பழுதாகி, இரண்டு வாரம் அரைகுறையாகப் படிந்த தாரைத்தான் வடித்து அனுப்பினோம். அப்போதும் ரிப்போர்ட் பாஸ். சில வாரம் கழித்து எலக்ட்ரோடு ஆலையிலிருந்து ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். லேப் சார்பில் என்னை அனுப்பினீர்கள்.

ஆட்டோகிளேவிலிருந்து அப்போதுதான் இறக்கிய தண்டுகள் வரிசையாகக் கிடந்தன. பிட்ச் ஊட்டிய தண்டு ஈரப் பளபளப்போடு கறுப்பாக இருக்கும். இவை மேலே அடிப்பிடித்த மாதிரி மங்கலாக இருந்தன. அந்தப் பிரிவின் போர்மேன் ஒன்றும் பேசாமல் கத்தியை எடுத்து ஒரு தண்டின் மேல் இழுத்தார். மரப்பட்டை உரிவது போல ஒரு படலம் உரிந்து வந்தது. விரலில் வைத்துத் தேய்த்தேன், நறநறவென்றது. "உள்ளே போக வேண்டியது எல்லாம் வெளியே நிக்குது சார்" என்றார். அப்புறம் ஒரு தண்டைக் குறுக்கே அறுத்துக் காட்டினார்கள். வெளி விளிம்பில் இரண்டு விரல் தடிமனுக்கு நல்ல அடர்த்தி. நடுவில் சாம்பல் நிறம். கட்டை விரலால் அழுத்தினால் கோக் துகள் உதிர்ந்தது. நடந்தது இதுதான்: பிட்ச் துளைக்குள் நுழையும்போது கியூஐ துகள்கள் வாசலிலேயே சேர்ந்து அடைத்துக்கொண்டன. தண்டே வடிகட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் உள்ளே ஒன்றும் போகாது.

கண்ணில் பட்ட தண்டுகளை ஒதுக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே தாண்டிப் போனவை போய்விட்டன. சில மாதம் கழித்து ஒரு உருக்காலையில் இணைப்பு முறிந்து எலக்ட்ரோடின் அடித்துண்டு உருகிய இரும்புக்குள் விழுந்தது. எலக்ட்ரோடுகளை ஒன்றோடு ஒன்று இணைக்கும் நிப்பிளில்தான் முறிவு. நிப்பிளுக்கு ஒரு முறை பிட்ச் ஊட்டினால் போதாது, மறுபடி மறுபடி ஊட்டுவார்கள், ஆகவே பிட்ச்சின் குறையும் அங்கேதான் கூடுதலாகத் தெரியும். பத்தாயிரக்கணக்கான ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்த உலையை நிறுத்தி, விழுந்த துண்டை வெளியே எடுத்து முடிப்பதற்குள் ஒரு ஷிப்ட் போய்விட்டது. யாருக்கும் அடிபடவில்லை. முறிவுக்குப் பழைய இரும்பு சரிந்து இடித்ததும் காரணமாக இருக்கலாம், எல்லாப் பழியையும் நம் பிட்ச்சின் மேல் போட நான் தயாரில்லை. ஆனால் அந்த வரிசை எண்ணின் அடர்த்திப் பதிவை எடுத்துப் பார்த்தபோது, அது நம்முடைய அந்த இரண்டு வாரச் சரக்கு. அடர்த்தியும் குறைவு.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இதே நிர்வாகம்தான் 12 மணி நேரத்தை விதியாக எழுதியது. மைக்ராஸ்கோப்பை வாங்கிக் கொடுத்ததும் அப்போதுதான். இன்று இரண்டையும் ஒரே சுற்றறிக்கையில் எடுத்துவிட்டீர்கள். அந்தப் பழைய கோப்பு லேபின் இரண்டாவது அலமாரியில் இருக்கிறது. கேட்டால் கொண்டுவந்து தருகிறேன்.

மைக்ராஸ்கோப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டாவது முடிவின் ஆபத்து அதில் மட்டும்தான் தெரியும்.

பிட்ச்சின் இளகுநிலையை உயர்த்த நேர்மையான வழி, வெற்றிடத்தில் வடித்து எண்ணெயை வெளியே எடுப்பது. அதற்கு நேரமும் நீராவியும் செலவாகும். சூட்டில் நிறுத்தி வைத்தாலும் இளகுநிலை ஏறும். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதால் ஏறுகிறது. அளவோடு செய்தால் தவறில்லை, உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஆனால் 400 டிகிரியை நெருங்கித் தாண்டும்போது பிட்ச்சுக்குள் வேறொன்று முளைக்கும். மெசோபேஸ் என்ற திரவப் படிக உருண்டைகள். 1965ல் ஆஸ்திரேலியாவில் புரூக்ஸ், டெய்லர் என்ற இருவர் இவை உருவாகி வளர்வதை விளக்கி எழுதினார்கள். நீடில் கோக் செய்யும் கோக்கிங் டிரம்முக்குள் இவை பிறந்து, வளர்ந்து, ஒன்றோடு ஒன்று கலந்தால்தான் நல்லது. பைண்டர் பிட்ச்சிலும் இம்ப்ரெக்னேஷன் பிட்ச்சிலும் இவற்றுக்கு வேலையே இல்லை. கோக் துகளைச் சரியாக நனைக்காது, துளைக்குள் நுழையாது, பிட்ச்சைவிடக் கனம் என்பதால் தொட்டியின் அடியில் போய் உட்காரும்.

இப்போது ரிப்போர்ட்டைப் பாருங்கள். இப்படி அதிகம் வெந்த பிட்ச்சில் இளகுநிலை உயர்ந்திருக்கும், நல்லது. டொலுவீனில் கரையாத பங்கு கூடியிருக்கும், நல்லது. சுட்டபின் மிஞ்சும் கரி கூடியிருக்கும், ரொம்ப நல்லது. கியூஐ மட்டும் ஒன்றிரண்டு ஏறியிருக்கும், அதுவும் பைண்டரின் வரம்புக்குள்தான். அடுப்பிலிருந்து வந்த கியூஐயா, நம் தொட்டியில் நாமே சமைத்த மெசோபேஸா என்று எண் பிரித்துச் சொல்லாது. மெசோபேஸில் ஒரு பகுதி குயினோலினில் கரைந்தும் போய்விடும், அப்போது எண்ணில் தலைகூடக் காட்டாது. எல்லாக் கட்டத்திலும் டிக் விழும். பார்க்கப்போனால் முன்பைவிட நல்ல பிட்ச் மாதிரி தெரியும்.

மைக்ராஸ்கோப்பில் மட்டும் ஏமாற்ற முடியாது. பிட்ச் துண்டை ரெசினில் பதித்து, கண்ணாடி மாதிரி மெருகேற்றி, துருவமாக்கிய வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், சாதாரண கியூஐ வெறும் பொடிப்புள்ளி. மெசோபேஸ் வட்ட வட்டமாக இருக்கும். மேடையைத் திருப்பினால் அந்த வட்டத்துக்குள் வெளிச்சமும் இருட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். முதல் முறை பார்த்தபோது வேலையை மறந்து ரொம்ப நேரம் திருப்பிக்கொண்டே இருந்தேன், அவ்வளவு அழகு. சர்டிபிகேட்டோடு போகும் சரக்கில் அது கண்ணில் பட்டால் அழகு தெரியாது, வயிற்றைக் கலக்கும். இதற்கென்றே ஏஎஸ்டிஎம் என்ற தரநிர்ணய அமைப்பு டி4616 என்று எழுதிவைத்த முறை இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்பதில்லை என்கிறீர்கள். நாம் பார்த்துக்கொள்கிறோம் என்று நம்பியதால் அவர் கேட்கவில்லை.

சுற்றறிக்கை வந்த பிறகும் கருவியை மூடி வைத்தேனே தவிர, பழக்கத்தை விட முடியவில்லை. சாப்பாட்டு இடைவேளைகளில் 19 சாம்பிள்களை மெருகேற்றிப் பார்த்தேன். ஏழில் வட்டங்கள் இருந்தன. ஏழுமே சூட்டுத் தொட்டியில் 'சரிசெய்த' சரக்கு. படங்களைத் தேதியோடு வைத்திருக்கிறேன்.

அடுத்தது நான் எழுத விரும்பாத பகுதி, ஆனால் விட முடியாது.

தாரிலுள்ள சேறு எங்காவது படியத்தான் செய்யும். அதற்கென்று கட்டிய தொட்டியில், உறிஞ்சு விசிறியும் சுரண்டும் கருவியும் உள்ள இடத்தில் படியவிடவில்லை என்றால், எதுவும் இல்லாத இடத்தில் படியும். இந்த மூன்று மாதத்தில் சேமிப்புத் தொட்டிகளின் அடியையும் குழாய் வளைவுகளையும் நான்கு முறை ஆள் இறக்கிச் சுரண்ட வேண்டியிருந்தது. அதற்கு முன்பு வருடத்துக்கு ஒரு தடவை செய்த வேலை அது. இறங்கியவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அதில் ஒரு பையன், வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மறுநாள் லேப் வாசலில் வந்து நின்றான். "அண்ணே, முகம் எரியுது. நிழல்ல இருந்தா பரவாயில்லை, வெயில்ல போனா தாங்க முடியலை" என்றான். கன்னமும் காதும் சிவந்து வீங்கியிருந்தன. பிட்ச் தூசியும் புகையும் தோலில் பட்டு, அதன்மேல் வெயில் பட்டால் இப்படித்தான் எரியும். பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்த வேலையை இரவில்தான் வைப்பார்கள், முகத்துக்குக் களிம்பு பூசித்தான் இறங்குவார்கள். இவனுக்கு யாரும் சொல்லவில்லை. கையில் கொடுத்தது துணி முகமூடி.

எரிச்சல் இரண்டு நாளில் போய்விடும். போகாதது வேறு. புகைபோக்கி துடைத்த சிறுவர்களுக்குப் பின்னாளில் வந்த புற்றுநோயைக் கரியோடு சேர்த்து பெர்சிவல் பாட் எழுதியது 1775ல். தாரை முயலின் காதில் தடவித் தடவிப் புற்று வரவைத்து யாமகிவாவும் இச்சிகாவாவும் ஜப்பானில் நிரூபித்தது 1915ல். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை நிலக்கரித் தார் பிட்ச்சை முதல் பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பட்டியலில், வைத்திருக்கிறது. 2020 அக்டோபருக்குப் பிறகு பயன்படுத்த அனுமதி பெறவேண்டிய பொருள்களின் பட்டியலில் உயர்வெப்பத் தார் பிட்ச்சை ஐரோப்பிய ஒன்றியம் சேர்த்தது. இதெல்லாம் உங்கள் பாதுகாப்புப் பயிற்சி ஏட்டிலேயே இருக்கிறது. அந்த ஏடு நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் தரப்படுகிறது என்பதுதான் கோளாறு.

நீங்கள் எதையும் கேட்டதே இல்லை என்று சொல்ல மாட்டேன். தாரில் இருக்கும் அம்மோனியம் குளோரைடு வடிப்புக் கோபுரத்தை அரிக்கிறது என்று சோடா கொட்டிக்கொண்டிருந்தோம். கண்ணளவில் கொட்டியதால் பிட்ச்சில் சோடியம் ஏறியது. சோடியம் இருந்தால் கரி காற்றில் சீக்கிரம் எரிந்து தேயும் என்று லேபிலிருந்து எழுதினோம். ஒரே மாதத்தில் அளவு பம்ப் பொருத்திக் கொடுத்தீர்கள். இன்றுவரை அந்தப் பிரச்சினை இல்லை. அதே காதுகளிடம்தான் இப்போதும் பேசுகிறேன்.

உங்கள் தரப்பும் எனக்குத் தெரியும். தார் வரத்து சீராக இல்லை, வரும்போது வேகமாக வடித்துத் தள்ளவேண்டும், படிவுத் தொட்டிதான் எல்லாவற்றையும் தாமதப்படுத்துகிறது. சரி. ஆனால் மூன்றாம் எண் தொட்டி ஏன் காலியாகக் கிடக்கிறது? சூட்டெண்ணெய்ச் சுருளில் கசிவு. ஒன்றரை வருடமாகக் கசிவு. அதைச் சரிசெய்தால் 12 மணி நேரமும் கிடைக்கும், வேகமும் குறையாது. இன்னொன்றையும் சொல்கிறேன்: 12 என்பது வேதவாக்கு இல்லை. கியூஐ குறைந்த தார் வரும்போது 8 மணி நேரமே போதலாம், அழுக்குத் தார் வந்தால் 12ம் போதாமல் போகலாம். கடிகாரத்தைப் பார்த்து வால்வைத் திறக்காமல் சாம்பிளைப் பார்த்துத் திறக்கலாம். அந்த முறையை எழுதித் தர லேப் தயார். நீங்கள் எங்களிடம் கேட்கவே இல்லை.

என் கோரிக்கைகள் இவை.

படிவு நேரத்தை இன்றே 12 மணி நேரத்துக்குத் திருப்புங்கள். தாரின் கியூஐ-க்கு ஏற்ப நேரத்தை நிர்ணயிக்கும் முறையை லேபோடு உட்கார்ந்து வகுத்த பிறகு, அதன்படி மாற்றிக்கொள்ளலாம். மூன்றாம் எண் தொட்டியின் சுருளை மாற்ற ஒரு தேதி சொல்லுங்கள்.

சூட்டுத் தொட்டிக்கு 380 டிகிரி என்று உச்சவரம்பு வையுங்கள், எத்தனை மணி நேரம் என்பதற்கும் ஒரு வரம்பு வையுங்கள். ஒவ்வொரு சரக்கின் சூட்டு வரைபடமும் சாம்பிளோடு லேபுக்கு வரவேண்டும். இம்ப்ரெக்னேஷன் பிட்ச்சை அந்தத் தொட்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

மைக்ராஸ்கோப் பரிசோதனையை மறுபடி தொடங்குங்கள். வாடிக்கையாளர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மெசோபேஸ் அளவைச் சர்டிபிகேட்டில் ஒரு வரியாகச் சேருங்கள். கியூஐ சாம்பிளை மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்தில் எடுத்து, மூன்று எண்ணையும் அப்படியே எழுத அனுமதியுங்கள். சராசரி வேண்டாம்.

இந்த மூன்று மாதத்தில் போன சரக்குகளின் எண்களை, அவற்றை வாங்கிய ஒவ்வொரு எலக்ட்ரோடு ஆலைக்கும் எழுத்தில் தெரியப்படுத்துங்கள். அவர்களிடம் இன்னும் சுடாத தண்டுகள் இருக்கும், அடர்த்தியைப் பார்த்து ஒதுக்கிக்கொள்வார்கள். இது கடினமான கடிதம் என்று தெரியும். 11 வருடத்துக்கு முன்பு இதைவிடக் கடினமான கடிதம் அவர்களிடமிருந்து நமக்கு வந்தது.

உறிஞ்சு விசிறியும் சரியான சுவாசக் கவசமும் இல்லாமல் எந்தத் தொட்டிக்குள்ளும் ஆள் இறக்காதீர்கள். இதுவரை இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் அனைவருக்கும் தோல் பரிசோதனை செய்யுங்கள். தொட்டியில் இறங்கும் ஒவ்வொரு முறையும், வேலை முடிந்ததும், சிறுநீரில் ஹைட்ராக்சிபைரீன் சோதனை எடுங்கள். உடம்பில் எவ்வளவு ஏறியது என்று அது காட்டிவிடும். பயிற்சி ஏட்டை அவர்கள் கையிலும் கொடுங்கள். படிக்க முடியாதவர்களுக்கு நானே படித்துச் சொல்கிறேன், ஷிப்ட் முடிந்த பிறகு.

முப்பது நாளுக்குள் பதில் வேண்டும். ஓரத்தில் பென்சிலால் வேண்டாம். தனித் தாளில், பேனாவால், கையெழுத்துப் போட்டு.

இப்படிக்கு,
பிட்ச் லேபின் மூத்த சோதனையாளர்